நடந்து வந்தவர்களுக்கு என்ன கட்டணம்?

இந்த நாட்டில் ஒரு பெண் சாலையோரமாக நடந்து போனால் அவளுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று பொருள். ஒஹையோ மாநிலத்தில் சோளக் கொல்லைக்கும் தக்காளிக் கொல்லைக்கும் நடுவே கிடக்கும் இந்தச் சின்ன ஊருக்குப் போன வருஷம் வந்து சேர்ந்தேன். பால் விற்கும் கடை முக்கால் மைல். அது ஒரு தூரமா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். போய்த் திரும்புவதற்குள் இரண்டு மூன்று கார்களாவது பக்கத்தில் வந்து நிற்கும். கண்ணாடி இறங்கும். "கார் நின்றுவிட்டதா? யாருக்காவது போன் பண்ணட்டுமா?" என்பார்கள். "இல்லை, நடக்கிறேன்" என்பேன். உடனே அவர்கள் முகத்தில் ஓர் இரக்கம் வரும், புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வந்தவளைப் பார்ப்பது போல. ஓர் அம்மாள் கதவையே திறந்துவிட்டார். ஏறாவிட்டால் அழுதுவிடுவார் போலிருந்ததால் ஏறினேன். கடை வாசலில் இறக்கிவிடும்போது என் கையை அழுத்தி, "தைரியமாக இரு" என்றார். நான் வாங்கப் போனது ஒரு காலன் பால்.

எங்கள் ஊர் உத்திரமேரூரில் நடந்தால் எதிரில் வரும் நாலு பேர் "இன்னா, எங்க போய்க்கினு கீறே?" என்று கேட்பார்கள், பதிலுக்கு நிற்கமாட்டார்கள். இங்கே இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு பதிலுக்காக நிற்கிறார்கள். அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, இந்த ஊரில் எல்லாமே எனக்குப் பிடித்திருந்தது. நாயை உட்காரவைக்கும் அளவுக்கு அகலமான காரின் முன்சீட்டு, காசு போட்டால் பாட்டுப் பாடும் பெட்டி, எட்டரை மணிக்கும் அடங்காத கோடை வெயில் என்று ஒவ்வொன்றையும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒன்று மட்டும்தான் உறுத்தியது. அந்தச் சாலையில் என்னைத் தவிர நடப்பவர்கள் தக்காளி பறிக்க வந்தவர்கள். டெக்ஸாஸ் பக்கத்திலிருந்து லாரியில் வந்து, கொல்லை ஓரத்தில் வரிசையாகக் கட்டிய மரக் குடிசைகளில் தங்கியிருக்கும் ஸ்பானிஷ் பேசும் ஜனங்கள். எலேனா என்று ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், தன் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு போவாள். நாங்கள் பார்த்தால் சிரித்துக்கொள்வோம். என் புடவைக்கு நின்ற கார்கள் அவர்களுக்கு நிற்கவில்லை. அதைக் கவனிக்க எனக்கே கொஞ்ச நாள் ஆயிற்று.

அந்தச் சாலையில், தக்காளிக் கொல்லையை ஒட்டி, புல்வெளி நடுவில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை நின்றுகொண்டிருந்தது. விளம்பரம் கிடைக்காத விளம்பரப் பலகை என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டுக்காரர்தான் சிரித்துவிட்டு, "அது சினிமா கொட்டாய்டி. காருக்குள்ள குந்திக்கினே படம் பாப்பாங்க" என்றார். அவருக்குச் சொந்த ஊர் தாமல். டயர் கம்பெனியில் இஞ்சினியர். ஆபீசில் டை கட்டிக்கொண்டு பேசுகிற இங்கிலீஷைக் கழற்றி வைத்துவிட்டால் தாமல் ஏரிக்கரையில் பேசுகிற பேச்சுதான். இரண்டு நாள் கழித்து அந்தச் சினிமாவின் வாசலில் 'ஆள் தேவை' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குக் கால் நிற்கவில்லை. நேரே உள்ளே போய்க் கேட்டுவிட்டேன்.

முதலாளி வால்ட்டர் அறுபது வயதுக்காரர், தொப்பியைக் கழற்றாதவர். சினிமாக் கொட்டகையில் அனுபவம் உண்டா என்று கேட்டார். ஏன் இல்லை? நான் பாவாடை கட்டிய வயதில், எங்கள் கடலைக் கொல்லையில்தான் வருஷா வருஷம் டூரிங் கொட்டாய் போடுவார்கள். நிலம் எங்கள் நைனாவுடையது, கூடாரம் கொட்டாய்க்காரருடையது. வாடகையோடு எங்கள் வீட்டுக்கு ஒரு பெஞ்சு இலவசம். தரை நாலணா, பெஞ்சு எட்டணா. தரையில் உட்காருபவர்கள் மணலைக் குவித்து உயரமாக்கிக்கொள்வார்கள், பின்னால் இருப்பவன் அதைக் காலால் தட்டிவிடுவான், அடிதடி ஆகும். இதையெல்லாம் நான் இங்கிலீஷில் சொன்னேன். "எங்கள் நிலத்தில் பெரிய கூடாரம். தரையில் மணல். சில மாதம் கழித்து அடுத்த ஊருக்குப் போய்விடும்." வால்ட்டர் கண்களை விரித்தார். "உன் அப்பா சர்க்கஸ் வைத்திருந்தாரா?" இல்லை, இல்லை என்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "யானை உண்டா?" என்றார். கோயில் திருவிழாவுக்கு வரும் என்றேன். அவ்வளவுதான். மறுநாள் முதல் அந்த ஊரில் நான் சர்க்கஸ்காரர் மகள். ரத்தத்திலேயே தொழில் ஊறியவள் என்று டிக்கெட் அறையில் உட்காரவைத்துவிட்டார்.

வீட்டில்தான் இடி விழுந்தது. "டிக்கெட் கிழிக்கவா இவ்ளோ தூரம் ப்ளேன் ஏறி வந்தே? தாமல்ல தெரிஞ்சா இன்னா பேசுவாங்க?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். "தாமலுக்கு யார் சொல்லப் போறாங்க? நீங்க சொல்லுவீங்களா?" என்றேன். அவர் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "ஒரு பேஜாரு வந்திச்சின்னு வெச்சிக்கோ, அத்தோட நிறுத்திடணும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். உத்திரமேரூரில் இன்னார் மகள். இங்கே இன்னார் மனைவி. விஜயா என்று பெயர் தைத்த சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டிக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை. அந்த வேலையை யாரும் என்னிடமிருந்து பிடுங்கிவிடக்கூடாது என்று எனக்கு அவ்வளவு ஆசை.

வேலையை விட வால்ட்டரின் புலம்பல்தான் வேடிக்கை. இந்த நாட்டில் இப்போது, எழுபத்தேழில், யாரைக் கேட்டாலும் அறுபத்திரண்டு, அறுபத்துமூன்றைப் பற்றியே பேசுகிறார்கள். அப்போது பெட்ரோல் காலன் முப்பது சென்ட். ரொட்டி இருபது. காபி ஒரு கோப்பை பத்து சென்ட், ஊற்ற ஊற்றக் காசு இல்லை. இப்போது காபிப் பொடி விற்கிற விலைக்கு அதைப் பீரோவில் வைத்துப் பூட்டவேண்டும் என்பார். மளிகைக் கடையில் பின்னால் நிற்பவர், தபால் ஆபீசில் முன்னால் நிற்பவர், எல்லோரும் பழைய விலையை ஒப்பிப்பார்கள். ஊரில் 'ரூபாய்க்கு எத்தனை படி அரிசி' என்று பெரியவர்கள் ஆரம்பிப்பார்களே, அதே ராகம். பணக்கார நாடு, நிலவுக்கே ஆள் அனுப்பிய நாடு, பத்து சென்ட் காபிக்காக இப்படி ஏங்குகிறது. எனக்கு அது ஒரு மாதிரி ஆறுதலாகக்கூட இருந்தது.

ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமைகளில் 'பழைய விலை நாள்' என்று வால்ட்டர் அறிவித்தார். பாப்கார்ன் பத்து சென்ட். ஹாட் டாக் இருபது. அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த இரண்டு பழைய படங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசல் பலகையில் பெரிய எழுத்தில்: ஒரு காருக்கு ஒரு டாலர். உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் சரி. எல்லோரும் அந்தக் காலத்து உடையில் வரவேண்டும் என்றும், நானும் அப்படியே வரவேண்டும் என்றும் சொன்னார். அறுபத்திரண்டில் நான் என்ன உடுத்திக்கொண்டிருந்தேன்? பாவாடை சட்டை, மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். பட்டுப் புடவை ஒன்றைப் பாவாடையாக மடித்துக் கட்டி, மேலே ஒரு தாவணி போட்டு, பின்னலை மடித்து ரிப்பன் கட்டிக்கொண்டு போனேன். வால்ட்டர் பார்த்துவிட்டு, "சர்க்கஸில் இதைத்தான் போட்டிருந்தாயா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். எத்தனை தடவைதான் மறுப்பது?

அந்தச் சாயங்காலத்தை எப்படிச் சொல்ல! வாலில் இறக்கை முளைத்த கார்கள், பின்னால் துருப்பிடித்து, முன்னால் பளபளவென்று, வரிசையாக வந்தன. தலையைக் குருவிக்கூடு மாதிரி உயர்த்திக் கட்டிய பெண்கள். தலையில் எண்ணெய் வழியும் ஆண்கள். எண்ணெய் வழிவதில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்களா என்ன? ஒரு காருக்கு ஒரு டாலர் என்ற பிறகும் ஒரு காரின் டிக்கிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. திறக்கச் சொன்னேன். நாற்பது வயது தாண்டிய இரண்டு பேர் மடங்கிக் கிடந்தார்கள். "அப்போதெல்லாம் டிக்கெட் காசை மிச்சம் பிடிக்க இப்படித்தான் வருவோம்" என்றார்கள். வெயில் இறங்கும்வரை திரையில் எதுவும் தெரியாது; அதுவரை புல்வெளியில் ட்விஸ்ட் நடனப் போட்டி. என்னையும் இழுத்துவிட்டார்கள். எனக்கு ட்விஸ்ட் தெரியாது. ஆனால் களத்தில் காயப்போட்ட நெல்லைக் காலால் துழாவிவிடத் தெரியும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைத்தான் செய்தேன். கைதட்டல் அடங்கவில்லை. மூன்றாம் பரிசாக ஒரு பை நிறையப் பாப்கார்ன் கொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் மூச்சு முட்டியது.

நான் டிக்கெட் அறைக்குத் திரும்பியபோது ஜன்னலுக்கு வெளியே எலேனா நின்றுகொண்டிருந்தாள். குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட கவுன். பின்னால் அவள் பெண், ஒரு கிழவர், இன்னும் ஏழெட்டுப் பேர். கையில் ஒரு டாலர். பலகையைக் காட்டினாள். கார் எங்கே என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்கும் அவள் பெண்தான் சொன்னது: லாரி மேஸ்திரியுடையது, அவன் தரமாட்டான், நடந்து வந்தோம். நான் வால்ட்டரைக் கூப்பிட்டேன். அவர் பலகையைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "காரில்லாமல் உள்ளே விட முடியாது. இருட்டில் எவனாவது காரைப் பின்னால் எடுத்து ஏற்றிவிட்டால் இன்சூரன்ஸ்காரன் என்னை விற்றுவிடுவான்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னது அவருக்கு நியாயம். அந்தப் பலகையில் நடந்து வந்தவர்களுக்கு என்று கட்டணமே எழுதவில்லை, அதனால் அவர்களுக்கு வழியும் இல்லை. நான்தான் அதை எலேனாவிடம் சொல்லவேண்டியிருந்தது. அவள் டாலரை மடித்துக்கொண்டு, வழக்கம்போல் சிரித்துவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிப் பாத்தி ஓரமாகப் போய் உட்கார்ந்தாள்.

அங்கே உட்கார்ந்தால் படம் தெரியும், சத்தம் கேட்காது. இந்தக் கொட்டகையில் சத்தம் காற்றில் வருவதில்லை. ஒவ்வொரு கார் நிற்கும் இடத்திலும் ஓர் இரும்புக் கம்பம். அதில் தொங்கும் டிபன் டப்பா அளவு ஸ்பீக்கரை எடுத்துக் கார் ஜன்னலில் மாட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் ஊரில் நேர்மாறு. கொட்டாய்க்கு வெளியே நின்றால் வசனமும் பாட்டும் காதைப் பிளக்கும், ஒன்றும் தெரியாது. எங்கள் நிலத்தில் நடவு நட்ட குடும்பங்கள் வேலை இல்லாத மாதங்களில் நாலணா கொடுக்க முடியாமல் அப்படித்தான் படலுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ரோசலின் என்று ஒருத்தி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது என்றாலும் அவள் என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒவ்வொரு படத்துக்கும் முழு வசனமும் அவளுக்கு மனப்பாடம். "அவ அழுவுறப்போ இன்னா கலரு பொடவை கட்டிக்கினு இருந்தா பாப்பா?" என்று மறுநாள் கேட்பாள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நான் கலர் சொல்வேன். கடைசி ரீலுக்கு மட்டும் படலைத் திறந்துவிடுவார்கள். அது நைனா போட்ட நிபந்தனை. "கட்சி ரீலுக்குத் தொறந்து வுட்டுடு. நம்ம ஜனம்தான், பாத்துட்டுப் போவட்டும்" என்பார். நம்ம ஜனம் என்று சொன்ன அதே மனிதர் அவர்களை நம்ம பெஞ்சில் உட்காரவிட்டதில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். ரோசலின் முதல் தடவை உள்ளே வந்து கதாநாயகனைப் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, கொரலு அம்மாம் பெருசு, ஆளு இத்தினிக்கூண்டு கீறான்" என்றாள்.

இரண்டாவது படம் முடிய அரைமணி நேரம் இருக்கும்போது டிக்கெட் அறையில் எனக்கு வேலை முடிந்துவிட்டது. சங்கிலிக் கதவின் சாவி இடுப்பில். கடைசி ரீல் நெருங்கினால் கதவைத் திறக்கவேண்டும் என்பது எனக்கு யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. கை தானாகப் போனது. சங்கிலியை அவிழ்த்துவிட்டு, டார்ச்சை ஆட்டி எலேனாவைக் கூப்பிட்டேன். முன்வரிசையில் கார் நிற்காத கம்பங்கள் சில இருந்தன. அங்கே புல்லில் எல்லோரையும் உட்காரவைத்து, ஸ்பீக்கர்களை எடுத்துக் கையில் கொடுத்தேன். எலேனா காதில் வைத்துக் கேட்டாள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெண் சொன்னது: "போன மாசமே இந்த நடிகரை வேலியிலிருந்து பார்த்திருக்கிறோம். அம்மா அவருக்கு மனசுக்குள் ஒரு குரல் வைத்திருந்தாள். அதுதான் நல்ல குரலாம்."

வால்ட்டர் தொப்பியோடு ஓடிவந்தார். "யார் திறக்கச் சொன்னது?" "கடைசி அரைமணிக்கு எல்லோரையும் விடவேண்டும். அதுதான் வழக்கம்." "யார் வழக்கம்?" "எங்க அப்பாவின் வழக்கம்." "சர்க்கஸில் வேண்டுமானால் விடலாம்" என்றார் அவர். குரல் உயரவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. படம் முடியட்டும் என்று அவர்களை விட்டுவைத்தார். ஆனால் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, "இன்னொரு தடவை நடந்து வந்த யாராவது உள்ளே இருந்தால் உனக்கு வேலை இல்லை" என்றார். அதே நேரத்தில் என்னை அழைத்துப்போக வந்து நின்ற எங்கள் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பின்னல் ரிப்பனை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். பேஜார் வந்தால் நிறுத்திவிடுவதாக ஒப்புக்கொண்டவள் நான்தானே. அவர் காரை நிறுத்திவிட்டு, சாவியை உருவாமல் உட்கார்ந்திருந்தார். "கட்சி ரீலுக்குத் தொறந்து வுடாம இவன் இன்னா கொட்டா நடத்துறான்?" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. "எங்க ஊர்ல பாதிப் படத்துக்கே தொறந்து வுட்டுருவாங்க" என்று அவர் தாமலின் பெருமையை வேறு சேர்த்துக்கொண்டார். இருந்தாலும் வேலையில் இரு என்றோ, விடு என்றோ சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்தது. கார்கள் வந்தன, சிரித்தேன், டாலரை வாங்கிப் போட்டேன். யாரோ யானையைப் பற்றிக் கேட்டார், பதில் சொன்னேன். வேலிப்பக்கம் பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். எலேனாவை மறுபடி வேலிக்கு வெளியே பார்த்தால் கதவைத் திறக்காமல் இருக்க என்னால் முடியுமா என்பது எனக்கே தெரியாது. திறந்தால் விஜயா என்று பெயர் தைத்த சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். திறக்காவிட்டால் அதை எப்படி மாட்டிக்கொண்டு நிற்பது என்றும் தெரியவில்லை.

விளக்கு அணைகிற சமயத்தில் எங்கள் கார், அந்தப் பழைய நீளமான ஸ்டேஷன் வேகன், வாசலில் வந்து நின்றது. அதன் பின்பக்கம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் ஆபீசுக்குக் கட்டுகிற டையோடு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, என்னை முன்பின் தெரியாதவர் போல, "ஒன் கார்" என்று டாலரை நீட்டினார். முன்சீட்டில் கிழவரும் மடியில் இரண்டு பிள்ளைகளும். நடுவில் எத்தனை பேர் என்று தெரியவில்லை. தலையும் முழங்காலுமாகக் கிடந்தது. பின்பக்கம் எலேனா, அவள் பெண், இன்னும் நாலு பேர் கால்களை மடக்கிக்கொண்டு. சுங்குவார்சத்திரம் சந்தைக்கு ஷேர் டாக்ஸியில் போனவருக்கு ஸ்டேஷன் வேகனில் ஆள் ஏற்றச் சொல்லித்தரவேண்டுமா?

வால்ட்டர் வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தார். கிழவர் தொப்பியைத் தூக்கினார். வால்ட்டரும், பழக்கதோஷமோ என்னமோ, தன் தொப்பியைத் தூக்கினார். அவர் தொப்பியைத் தூக்கி அன்றைக்குத்தான் பார்த்தேன், நல்ல வழுக்கை. பிறகு தன் கையாலேயே எழுதிய பலகையை அண்ணாந்து பார்த்தார். எங்கள் வீட்டுக்காரர் அமைதியாக, "எத்தனை பேர் இருந்தாலும் சரி என்று எழுதியிருக்கிறது, சார்" என்றார். வால்ட்டர் பின் டயரை ஒரு தரம் காலால் தட்டிப் பார்த்தார். "டயர் வெடித்தால் என்னைக் கேட்கக்கூடாது" என்றார். "நான் டயர் இஞ்சினியர்" என்றார் இவர். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். கார் உள்ளே போனதும் வால்ட்டர் என் பக்கம் திரும்பி, "இனிமேல் வண்டி வராது. நீயும் போய்ப் பார். இத்தனை நாளில் நீ ஒரு படம்கூடப் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு, என்னிடம் வாங்கிய சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

உண்மைதான். என் ஜன்னல் சாலையைப் பார்த்தது. திரை எனக்குப் பின்னால். போய்ப் பார்த்தால், முன்வரிசையில் வேகனுக்கு எதிரே போர்வையை விரித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எலேனா நகர்ந்து இடம் கொடுத்தாள். பலகையில் வேலை செய்கிறவர்களுக்கும் கட்டணம் எழுதியிருக்கவில்லை. பனி இறங்கிய புல், பாவாடை வழியாகக் குளிர்ந்தது. ஸ்பீக்கரை நடுவில் வைத்துக்கொண்டோம். படத்தில் ஒரு பெண் கடற்கரையில் நின்று அழுதாள். எலேனா என் முழங்கையைத் தொட்டு, திரையைக் காட்டி, ஏதோ கேட்டாள். மொழிபெயர்க்கும் அவள் பெண் வேகனுக்குள் தூங்கிவிட்டிருந்தது. முன்கதை எனக்கும் தெரியாது; ரோசலினுக்குக் கலர் சொன்ன மாதிரி நானாகவே கட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். அந்தப் பெண் யார், அவனோடு ஏன் சண்டை, கடிதம் எப்படிக் கைமாறியது, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். எலேனா உம் கொட்டினாள், நடுவில் இரண்டு கேள்வி கேட்டாள், அதற்கும் சொன்னேன். கிழவரும் இந்தப் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"விஜி" என்றார் எங்கள் வீட்டுக்காரர் மெதுவாக. "நீ தமிழ்ல சொல்லிக்கினு கீறே."

நான் நிறுத்தினேன். எலேனா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் முழங்கையைத் திரும்பவும் இடித்தாள். "அப்பால இன்னா ஆச்சின்னா" என்று நான் விட்ட இடத்திலிருந்து சொன்னேன்.